களப் பக்குவம்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரியவில்லை.

இவர் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "நான் பழகப் போறன்" என்றேன்.

"என்னத்தை?"

"கோல்ஃப்."

கத்தியை வைத்துவிட்டார். "பகிடி விடுறீரோ?"

பகிடி இல்லை என்றேன். பட்டர் பூசிய பாணை இவர் சாப்பிடவில்லை.

கோல்ஃப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு சிறிய குழிக்குள் ஒரு சிறிய பந்தைப் போடுவதற்காக ஒரு முழுக் கிராமத்தின் நிலத்தை மழித்து, தண்ணீர் ஊற்றி, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி நான் ஜெர்மனிக்கு வந்த முதல் மாதமே இதை இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் கோபிக்கவில்லை. இந்த ஊருக்கு அகதியாக வந்த புதிதில் அதே கழகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினாராம். யன்னலால் பார்த்தபோது ஒருவர் அடித்த பந்து மரங்களுக்கு மேலே போனதாம். "அதைப் பாத்திருந்தால் நீர் உப்பிடிச் சொல்லமாட்டீர்" என்றார். அவ்வளவுதான். ட்ராம் ஓட்டுநராகி, கடன் எல்லாம் முடிந்த பிறகு, அதே கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார்.

இப்போது ட்ராம் இல்லை. இரண்டு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு வருகிறது. ஓரங்கள் தெரியும். எதை நேரே பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். குனிந்து, தலையைச் சரித்து, காலடியில் கிடக்கும் பந்தை இன்னும் அடிக்கிறார், நன்றாகவே அடிக்கிறாராம். அது எங்கே போய் விழுந்தது என்பது மட்டும் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல ஹோர்ஸ்ட் இருந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர். சித்திரையில் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். வேறு யாரிடமும் இவர் கேட்கமாட்டார். ஹோர்ஸ்டையும் கேட்கவில்லை, அவராக வந்தவர்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நிலவறையில் மட்டைகளைத் துடைக்கிறார். அழுக்கே படாத மட்டைகளை. நான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்.

கூடப் போவதற்கும் சான்றிதழ் வேண்டும் என்பது இந்தக் கழகத்தின் விதி. இந்த வருடத்தின் கடைசித் தேர்வு செப்டெம்பர் முடிவில். ஒக்டோபர் முழுவதும் ஆடலாம், பிறகு களத்தை மூடிவிடுவார்கள். அடுத்த சித்திரையில் காலடியில் கிடக்கிற பந்தாவது இவருக்குத் தெரியுமா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் காரணங்கள். ஆனால் விடை இல்லை. காரணம் இருக்கிற எத்தனையோ விஷயங்களை நான் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 9, சனி

முதல் வகுப்பு. ஆசிரியை ஃப்ராவ் லின்டமன், என் வயதுதான் இருக்கும், வெயிலில் காய்ந்த முகம், வீணாக ஒரு வார்த்தை இல்லை. மற்ற மாணவர் டெட்லெஃப், பல் கட்டும் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எல்லா வார்த்தையும் வீண்தான்.

பந்து நிலத்தில் கிடக்கிறது. அசையவில்லை. யாரும் என்மீது எறியவில்லை. கையில் நீளமான மட்டை. இருந்தும் என்னால் அதைத் தொட முடியவில்லை. வீசினேன், காற்று. திரும்ப வீசினேன், புல்லோடு மண் பறந்தது, பந்து அங்கேயே.

"ஃப்ராவ் குகதாசன், அது உங்களுக்குப் பயப்படவில்லை" என்றார் டெட்லெஃப்.

அவருடைய பந்தும் அவருக்குப் பயப்படவில்லை என்பதைப் பார்த்து ஆறுதலடைந்தேன்.

வீட்டில் இவர், "எப்பிடி?" என்று கேட்டார்.

"புல்லு வெட்டினன்."

சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

ஓகஸ்ட் 13, புதன்

தோள் நோகிறது. சமையல் கோவா வறை, பருப்பு. வேறொன்றும் இல்லை.

ஓகஸ்ட் 16, சனி

இன்று நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. எழுதினால் பெரிதுபடுத்துவது போல் ஆகிவிடும்.

மேலே போக வேண்டுமானால் கீழே அடி என்கிறார் லின்டமன். பந்தைத் தூக்க முயலாதே, அது உன் வேலையில்லை, மட்டையின் சரிவு பார்த்துக்கொள்ளும். இதை நான் நம்பவில்லை. நம்பாததால்தானோ என்னவோ, ஒரு தடவை சரி போகட்டும் என்று கீழ்நோக்கி விட்டேன்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை. அடி படவில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு சத்தம் மட்டும், காய்ந்த விறகு முறிவது போல, ஆனால் அதைவிடச் சுத்தமாக. தலையை நிமிர்த்தினால், பந்து ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக, சாவகாசமாக ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. நிற்பது இயற்பியலுக்குப் பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் நின்றது. பிறகுதான் இறங்கத் தீர்மானித்தது.

வாய் திறந்தபடி நின்றிருக்கிறேன். டெட்லெஃப்கூடப் பேசவில்லை.

"ஆம்" என்றார் லின்டமன். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

அதன் பிறகு ஒரு பந்துகூட எழும்பவில்லை. பாதகமில்லை. ஒன்று போனது.

இவரிடம் சொல்லும்போது, "ஒரு பந்து கொஞ்சம் போச்சுது" என்று மட்டும் சொன்னேன். இவர் என் காதுக்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "கையில ஒண்டும் தெரியேல்லைத்தானே?" என்று கேட்டார்.

ஓகஸ்ட் 20, புதன்

காலையில் இரண்டு அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்த்தேன். பகல் முழுக்க மற்றவர்களின் "நான்" என் வாயில். இந்தக் கொப்பியில் எழுதுகிற "நான்" மட்டும்தான் என்னுடையது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

சான்றிதழின் ஜெர்மன் பெயரை யோசித்தேன். இரண்டு சொல். ஒன்று களம்; மற்றது பழம் பழுப்பதற்கும் பிள்ளை முதிர்வதற்கும் சொல்கிற சொல். களப் பக்குவம் என்று பெயர்க்கலாம். மகள் ஆரணி ஹம்பேர்க்கிலிருந்து போன் எடுத்தபோது வாய்தவறி இதைச் சொல்லிவிட்டேன்.

"பக்குவமோ? அப்ப அம்மா பெரியபிள்ளையாகிட்டா, சாமத்தியப்பட்டிட்டா! ஹோல் புக் பண்ணட்டோ? ஹெலியில இருந்து பூப் போடுவமோ?"

"வாயை மூடு."

"அம்மாவுக்குப் பல்லக்கு, அப்பாவுக்குக் கோட் சூட். நான் ஆலாத்தி எடுக்கிறன். உண்மையா ஏனம்மா செய்யிறியள்? உங்களுக்கு அதெல்லாம் பிடிக்காதே."

"தேகப்பயிற்சி" என்றேன்.

"ம்ம்" என்றாள். அந்த "ம்ம்" எனக்குப் பிடிக்கவில்லை. என்னுடையதேதான் அது.

ஓகஸ்ட் 27, புதன்

விதி வகுப்பு. விதிகளைச் சந்தேகத்தோடு படிப்பது என் தொழில். ஆனால் இந்த விளையாட்டுக்கு நடுவர் இல்லை. தன் அடியைத் தானே எண்ணி, தன் தண்டனையைத் தானே சொல்ல வேண்டும். மனிதர்கள் செய்வார்களா என்று கேட்டேன். "செய்வார்கள்" என்றார் லின்டமன். "எப்படித் தெரியும்?" "தெரியாது." நல்ல பதில்.

இன்று படித்ததில் ஒன்று விசித்திரமானது. அடித்த பந்து பற்றைக்குள் போய்விட்டது, கிடைக்குமோ தெரியாது. தேடிப் போய் இல்லையென்று திரும்பி வந்து அடிப்பதானால் பின்னால் வருகிறவர்கள் காத்து நிற்க வேண்டும். ஆகவே நின்ற இடத்திலேயே தற்காலிகமாக இன்னொரு பந்து அடித்துவிட்டுப் போகலாம். முதல் பந்து கிடைத்தால் அதையே ஆடலாம், இரண்டாவது கணக்கில் இல்லை. கிடைக்காவிட்டால் தண்டனை ஓரடியோடு இரண்டாவது.

ஆனால் அடிக்கமுன் வாய்திறந்து சொல்ல வேண்டும், இது தற்காலிகம் என்று. அல்லது அந்த அர்த்தம் ஐயமில்லாமல் விளங்கும்படி எதையாவது. சொல்லாமல் அடித்தால் அந்தக் கணத்தில் முதல் பந்து செத்துவிட்டது. பிறகு அது குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தாலும் தொட முடியாது.

ஒரு சொல்லால் ஒரு பொருள் உயிரோடு இருக்கிறது அல்லது இறக்கிறது. இதை நான் வேறு அறைகளில் பார்த்திருக்கிறேன். புல்வெளியில் எதிர்பார்க்கவில்லை.

டெட்லெஃபுக்கு ஒரே சந்தோஷம். "நாற்பது வருடம் நான் செய்தது தற்காலிகப் பற்கள்தான். என் வாயில் ஒன்று பதினொரு வருடமாக இருக்கிறது. பாருங்கள்." வாயைத் திறந்தார். பார்க்க வேண்டியதாயிற்று.

செப்டெம்பர் 6, சனி

லின்டமன் எங்களை முதல் தடவையாகக் களத்துக்குள் கூட்டிப் போனார். காலை வேளை, பனி இறங்கியிருந்தது. நான் இத்தனை வருடம் வேலிக்கு வெளியே நின்று திட்டிய இடம் இது.

குழியைச் சுற்றிய புல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். புல் என்று சொல்ல முடியாது, ஒரு மிருகத்தின் காதைத் தடவுவது போல இருந்தது. அதன் முழுப் பரப்பிலும் பனித்துளி, வெளிச்சம் சாய்வாக வந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாயிற்று. ஒரு முயல் குறுக்கே போனது. அதன் கால்பட்ட கோடு மட்டும் பச்சை.

உயரத்திலிருந்து விழுகிற பந்து அந்தப் புல்லில் ஒரு பள்ளம் போடும். அதற்கு இரண்டு பல்லுள்ள ஒரு சின்னக் கருவி எல்லோர் பையிலும் இருக்கிறது. குனிந்து, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி மண்ணைத் தள்ளி, மட்டையால் மெல்லத் தட்ட வேண்டும். ஒரு நாளில் மூடிவிடுமாம். பிந்தினால் வாரக்கணக்காகும்.

"உங்களுடையதைச் சரிசெய்யுங்கள். அருகில் வேறு யாருடையதாவது கண்டால் அதையும்" என்றார் லின்டமன்.

யாரென்று தெரியாதவர்கள் விட்டுப்போன பள்ளங்களை முழங்காலில் இருந்து மூடினேன். லின்டமன், "ஃப்ராவ் குகதாசன், நாங்கள் ஆடவும் வேண்டும்" என்று கூப்பிடும்வரை.

இவர் கழகத்தின் உணவகத்தில் காத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழியாகச் சொல்லச் சொன்னார். நான் தொடங்குவேன், இவர் முடிப்பார். "நாலாவதில ஒரு மரம் வரும்—" "அதுக்கு இடப்பக்கமாய் விடோணும், வலப்பக்கம் பள்ளம், மேலை நிண்டு பாத்தால் தெரியாது." முழுக் களமும், அதன் மேடு பள்ளம், காற்று எங்கே திரும்பும் என்பது உட்பட, இவருக்குள் இருக்கிறது. பந்து போகிற இடம் மட்டும்தான் இல்லை.

தேத்தண்ணீர் ஆறிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

எழுத்துத் தேர்வில் சித்தி. ஒரு பிழையும் இல்லை. நான் வாய் திறக்கமுன்னமே இவர் சிரித்தார், நடை சத்தத்திலேயே தெரிந்ததாம்.

செப்டெம்பர் 19, வெள்ளி

கண் டொக்டர். வழமையானதைச் சொன்னார்.

திரும்பும்போது தரிப்பிடத்தில் இவர் வேறு பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார். அது நின்றது. கதவும் திறந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் ஏறினேன். எங்கோ ஒரு தரிப்பில் இறங்கி நடந்தோம். "இந்தப் பக்கம் வந்து கனகாலம்" என்றேன். "ஓம்" என்றார். வீட்டுக்குக் கிட்ட வந்தபிறகு, "பிழையான பஸ் எண்டு எனக்கு ஏறினவுடனையே தெரியும். நீர் ஒண்டும் சொல்லேல்லை எண்டு நானும் சொல்லேல்லை" என்றார்.

மட்டைகளுக்குப் புதிய கைப்பிடி போட்டு வைத்திருக்கிறார். ஒக்டோபருக்கு.

செப்டெம்பர் 27, சனி

நாளை. மழை இல்லையாம். உடுப்புத் தோய்த்தேன். சப்பாத்தைத் துடைத்தேன். இவர் என் பந்துகளில் நீலப் பேனையால் புள்ளி போட்டார், மற்றவர்களுடையதோடு மாறாமல் இருக்க. தலையைச் சரித்து ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டார். நான் போட்டிருந்தால் உடனே முடிந்திருக்கும். பேனையைக் கேட்கவில்லை.

செப்டெம்பர் 28, ஞாயிறு

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நான், டெட்லெஃப், தேர்வாளராக லின்டமன். ஒவ்வொருவரும் ஒரு உறுப்பினரைக் கூட்டி வரலாம், இவர் வந்தார். ஒன்பது குழிகளையும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் ஆடி முடிக்க வேண்டும். இவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை, தரவும் கூடாது. என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு, "எங்கை?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். அதற்குத்தானே வந்தது.

ஏழு குழிவரை நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. லின்டமனின் முகத்திலேயே தெரிந்தது. டெட்லெஃப் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டார், அதனால் உற்சாகமாக இருந்தார். "நான் உங்கள் ரசிகன் மட்டும்" என்றார்.

எட்டாவது குட்டையான குழி. நடுவில் ஒரு தாழ்வு, அக்கரையில் மேடு, மேட்டின்மேல் கொடி. வலப்பக்கம் பீச் மரங்கள். ஒரே அடியில் அக்கரைக்குப் போகலாம். அடித்தேன். கையில் தெரிந்தது. சரிந்து வலப்பக்கம் போய் மரத்துக்குள் ஒரு மொக்கைச் சத்தம்.

"எங்கை?" என்றார் இவர்.

"வலப்பக்கம். மரத்துக்கை. போயிட்டுது."

பையிலிருந்து மற்றப் பந்தை எடுத்தேன். இவருக்குப் பக்கத்தில் நின்றபடி, தமிழில், "சும்மா இன்னொண்டு அடிச்சு வைக்கிறன்" என்றேன். அடித்தேன். அது தாழ்வைத் தாண்டிப் புல்லின் ஓரத்தில் விழுந்தது.

அக்கரைக்கு ஏறியதும் டெட்லெஃப் கத்தினார். அவருடைய வாயில் தற்காலிகமாக இருந்தது விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். கொடியைக் காட்டினார். குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு பந்து. நீலப் புள்ளி. என் முதல் பந்து. மரத்தில் பட்டு, மேட்டின் பின்பக்கத்துக்கு எறியப்பட்டு, அங்கிருந்து உருண்டு வந்திருக்க வேண்டும். பனியில் அது வந்த பாதை வளைந்து வளைந்து, நேர்த்தியாகத் தெரிந்தது. யாராலும் வேண்டுமென்று அப்படி ஒரு கோடு போட முடியாது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இவருக்கு நான் சொன்னேன். கோட்டை முழுவதுமாகச் சொன்னேன். இவர் தொப்பியைக் கழற்றினார்.

ஒரு தட்டு. அது உள்ளே போனால் மிச்சம் ஒன்பதாவது குழியை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். ஒக்டோபர் முழுவதும் எங்களுடையது.

லின்டமன் தொண்டையைச் செருமினார். "இரண்டாவது பந்துக்கு முன் ஏதோ சொன்னீர்கள். உங்கள் மொழியில். மொழி பிரச்சினையில்லை. என்ன சொன்னீர்கள்?"

என்னுடைய விஷயத்தில் நானே மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது. அதைச் சொன்னேன். லின்டமன் தலையாட்டிவிட்டு இவரிடம் திரும்பினார்.

"ஹெர் குகதாசன், உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"என்ன சொன்னார்?"

இவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார். முகத்தை மரங்களின் பக்கம் திருப்பியிருந்தார், அதாவது லின்டமனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீச் இலைகள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெர்மனில் சொன்னார்: "'சரி, இன்னொன்று அடிக்கிறேன்' என்றார். அவ்வளவுதான்."

"தற்காலிகமாக என்று?"

"இல்லை."

லின்டமன் புல்லின் ஓரத்தில் கிடந்த பந்தைக் காட்டினார். "அப்படியானால் இரண்டாவது பந்துதான். வருந்துகிறேன்."

டெட்லெஃப், "மனிதா, உன் மனைவி!" என்றார்.

முதல் பந்தைக் குனிந்து எடுத்தேன். பனி ஈரமாக இருந்தது. இரண்டாவது பந்தைக் குழிக்குள் போட மூன்று தட்டு தேவைப்பட்டது. ஒன்பதாவதில் முயன்றேன், உண்மையாகவே முயன்றேன். முடிவில் இரண்டு அடி கூடிவிட்டது. லின்டமன் கை கொடுத்தார். சித்திரையில் வாருங்கள் என்றார். அதுவரை பயிற்சித் திடலும், அதற்குப் பின்னாலுள்ள ஆறு குழிக் குட்டிக் களமும் எல்லோருக்கும் திறந்திருக்கும், சான்றிதழ் தேவையில்லை என்றார். அந்தக் குட்டிக் களத்தை இவர் எப்போதும் சின்னப்பிள்ளையளின்ரை மணல்வீடு என்பார்.

பஸ்ஸில் பின் இருக்கை. பாதிவழியில் நான் தொடங்கினேன்.

"அடிச்சு *வைக்கிறன்* எண்டு சொன்னனான்."

"ஓம்."

"அடிக்கிறன் எண்டு சொல்லேல்லை. சோறாக்கி வைக்கிறன் எண்டால் பிறகு ஆரும் வந்தால் சாப்பிட. கதவைத் துறந்து வைக்கிறன் எண்டால் ஆரும் வருவினம் எண்டு. தேவைப்பட்டால் எடுக்கிறதுக்குத்தான் 'வைக்கிறன்'. அதுதான் அந்தச் சொல்லு. அதை எங்கை விட்டனீங்கள்?"

"இலக்கணம் படிச்சது நீர். நான் ட்ராம் ஓடினனான்."

"ஜெர்மனில வரேல்லையெண்டால் வரேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். அவ கேட்டிருப்பா."

"ஜெர்மனில வரும்." தொப்பி இன்னும் கையில்தான். "அதுக்கு முதல் என்ன சொன்னனீர்?"

"எதுக்கு முதல்?"

"நான் எங்கை எண்டு கேட்டன். நீர் போயிட்டுது எண்டனீர். எனக்குப் பந்து தெரியாது. உம்மடை குரல் தெரியும். அதோடை உமக்கு அந்தப் பந்து முடிஞ்சுது. விட்டிட்டீர். 'வைக்கிறன்' எண்டது வாய்ப் பழக்கம். நீர் தேத்தண்ணி குடிக்கிறதையும் குடிச்சு வைக்கிறன் எண்டுதான் சொல்லுவீர்."

நான் யோசித்தேன். உண்மை. அந்தப் பந்தை நான் விட்டுவிட்டேன். அது நல்ல இடத்தில் கிடப்பதைக் கண்ட பிறகுதான் இலக்கணம் ஞாபகத்துக்கு வந்தது.

"உங்களுக்குத்தானே ஒக்டோபர் வேணும்" என்றேன்.

"வேணும்."

"சித்திரையில..." நிறுத்திவிட்டேன்.

"சித்திரையில எனக்கு என்னண்டு எனக்குத் தெரியும்" என்றார். கோபமாக இல்லை. தரிப்பிடத்தின் பெயரைச் சொல்வது போல.

விசாரணைகளில் உறவினர்களை மொழிபெயர்க்க விடுவதில்லை, தங்கள் ஆளுக்காக வளைப்பார்கள் என்பதால். நான் அப்படி வளைந்த வாக்கியங்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வளைத்தவர்களைக் குறை சொன்னதில்லை. இன்று இவர் வளைக்காமல் விட்டாரா, எங்களுக்கு எதிராக வளைத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சொல்லை விட்டுவிட்டுக் குரலைப் பெயர்த்தார். அதை நான் என் தொழிலில் ஒரு தடவையும் துணிந்ததில்லை. அதுவும் தனக்கு மிச்சமிருந்த ஒக்டோபரைக் கொடுத்து. இருபத்துமூன்று வருடமாக எதிரே இருந்து பாண் சாப்பிடுகிற மனிதர். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது, பெரிய மலைக்குக் கீழே நிற்கிறபோது வருகிற மாதிரி.

ஆனாலும் கோபமும் இருக்கிறது. நாளை ஒருவரோடும் கதைக்கப் போவதில்லை. மட்டையைத் தொடப் போவதில்லை.

செப்டெம்பர் 29, திங்கள்

காலையில் பாண். விசாரணை ஒன்று பின்னேரத்துக்குத் தள்ளிப்போனது. பத்து மணிபோல இவர் வந்து, "மணல்வீட்டுக்குப் போவமோ?" என்று கேட்டார். சப்பாத்துப் போட்டிருந்தார். போனோம்.

குட்டிக் களத்தில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். அவர்கள் முன்னால் போகட்டும் என்று நின்றோம். பிறகு இவர் குனிந்தார், தலையைச் சரித்தார், பந்தைக் கண்டுபிடித்தார். இவர் அடிப்பதை இத்தனை கிட்ட நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தம்.

"எங்கை?"

"ஏறுது" என்றேன். "இன்னும் ஏறுது. கொஞ்சம் இடப்பக்கம். அந்த வீட்டுக் கூரைக்கு மேலை. இன்னும் போகுது. இப்ப நிக்குது."

"நிக்குதோ?"

"ஓம். நிண்டுகொண்டு நிக்குது."

"பிறகு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பிறகு? எங்கை விழுந்தது?"

"தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை? பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்?"

"நான் உங்களைப் பாத்திட்டன்."

இவர் மட்டையை ஊன்றினார். "இதுக்கோ உமக்குச் சான்றிதழ்?" என்றார். தாயும் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

பற்றைக்குள் இருவரும் தேடினோம். அந்தப் பிள்ளைகளும் வந்து தேடினார்கள். பந்து கிடைக்கவில்லை. வேறு பந்து எடுத்து ஆறாவது குழிவரை ஆடினோம். பின்னேரம் விசாரணைக்குப் போனேன், பிந்திவிட்டேன்.